குடிநீர்த் தொட்டிக்கு டெண்டர்: உறை திறப்பதற்கு முன்னும் பின்னும்

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. எல்லை விரிந்தால் தொட்டியும் குழாயும் விரிந்தாக வேண்டும். தேவகோட்டை நகராட்சியிலும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் போன்ற பேரூராட்சிகளிலும் இதே கதைதான். ஆக, செட்டிநாட்டுப் பக்கம் ஒரு உள்ளாட்சி அலுவலகத்தின் பொறியியல் பிரிவிலோ டெண்டர் மேஜையிலோ புதிதாக உட்காருகிறவருக்கு, ஒரு மேல்நிலைத் தொட்டி வேலையோ பகிர்மானக் குழாய் வேலையோ சீக்கிரமே கைக்கு வந்துவிடும். அவர்களுக்காக எழுதியது இது. ‘தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொல்கிறார்கள், எதற்கென்று புரியவில்லை’ என்று நினைக்கும் புதுக் கவுன்சிலர்களும் படிக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு அடிப்படை 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதற்கான 2000-ஆம் ஆண்டு விதிகளும். சட்டம் சின்னதுதான், ஒரு மாலையில் படித்துவிடலாம். மேஜையில் ஒரு பிரதி இருக்கட்டும். ‘எப்பவும் இப்படித்தான் சார் செய்வோம்’ என்று யாராவது சொன்னால் உடனே புரட்டிப் பார்க்க உதவும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை உறை, அதாவது ஒப்பந்ததாரர் கேட்கும் விலை உள்ள உறை, திறந்த பிறகு அதிகாரி செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. அப்போது கைகொடுப்பது டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே எழுதி வைத்த வரிகள் மட்டும்தான். அதனால்தான் கீழே பாதி இடத்தை உறை திறப்பதற்கு முந்தைய வேலையே எடுத்துக்கொள்கிறது.

மண்ணிலிருந்து தொடங்குங்கள்

நம் பகுதியில் மேலே செம்மண் இருக்கும். பல இடங்களில் அதற்குக் கீழே செம்புராங்கல் வந்துவிடும். எந்த ஆழத்தில் வரும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். இதைத் தோண்டிப் பார்க்காமல் எஸ்டிமேட் போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்காகவே காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்காகப் போட்டவை.

குழாய்க்குப் பள்ளம் தோண்டும் வேலை. எஸ்டிமேட்டில் சாதா மண் 4,000 கன மீட்டர், பாறை 200 கன மீட்டர் என்று இருக்கிறது. முதல் ஒப்பந்ததாரர் மண்ணுக்கு 200 ரூபாயும் பாறைக்கு 900 ரூபாயும் போடுகிறார். மொத்தம் 9,80,000. இரண்டாமவர் இந்த ஊரில் பழம் தின்று கொட்டை போட்டவர். எங்கே கல் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. மண்ணுக்கு 150 என்று இறக்கிவிட்டுப் பாறைக்கு 1,800 என்று ஏற்றி வைக்கிறார். அவருடைய மொத்தம் 9,60,000. இருபதாயிரம் குறைவு, அவர்தான் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவர்.

வேலை தொடங்கிய பிறகு பார்த்தால் மண் 3,000 கன மீட்டர்தான், பாறை 1,200. இப்போது முதலாமவரின் ரேட்டில் கணக்குப் போட்டால் 16,80,000 வரும். எல்-1 ஆக வந்தவரின் ரேட்டில் 26,10,000. இருபதாயிரம் மிச்சம் என்று நினைத்த இடத்தில் ஒன்பது லட்சத்து முப்பதாயிரம் கூடுதல். யாரும் விதியை மீறவில்லை. தவறு நம் அளவுப் பட்டியலில் இருந்தது, அவர் அதைப் படித்துவிட்டார், அவ்வளவுதான்.

எனவே குழாய் போகும் வழி நெடுகச் சோதனைக் குழிகள் போடுங்கள். தொட்டி வரும் இடத்தில் முறையான மண் பரிசோதனை செய்து அறிக்கை வாங்குங்கள். காரைக்குடியிலேயே அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, விசாரித்துப் பார்க்கலாம். அறிக்கையை ஃபைலுக்குள் பூட்டி வைக்காமல் டெண்டர் ஆவணத்தோடு இணையுங்கள். உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரிந்திருந்த கல், திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவருக்கும் தெரிந்துவிடும். போட்டி சமமாகும். அதோடு, எந்த ஐட்டமாவது எஸ்டிமேட் அளவைத் தாண்டினால் கூடுதல் அளவுக்கு எந்த ரேட் என்பதையும் நிபந்தனையில் எழுதிவிடுங்கள். இந்த ஒரு நிபந்தனை மேலே சொன்ன விளையாட்டில் பாதியை நிறுத்திவிடும்.

தெருவில் நடந்து பாருங்கள்

அளவுப் பட்டியலை வரைபடத்தை மட்டும் வைத்துப் போடக்கூடாது, இங்கே குறிப்பாகக் கூடாது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். பழைய இணைப்பு எந்தப் பக்கம் இருக்கிறது, புது இணைப்பை எந்தப் பக்கம் கொடுப்பது என்று வீடுவீடாகப் பார்க்காவிட்டால் வீட்டு இணைப்புக் குழாயின் நீளம் எக்கச்சக்கமாக மாறிப்போகும். பூட்டிக் கிடக்கும் வீடுகளை என்ன செய்வது என்பதையும் அப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆவணத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். காரைக்குடிக்குத் தண்ணீர் தரும் சம்பை ஊற்றுப் பக்கத்து ஆழ்துளைக் கிணறா, காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயா, இரண்டும் ஒரே தரைமட்டத் தொட்டியில் விழப்போகிறதா? மோட்டாரின் திறனும் குழாயின் விட்டமும் அதைப் பொறுத்தவை. இதை மழுப்பி எழுதினால் ஆளுக்கொரு மோட்டாரை மனதில் வைத்து விலை போடுவார்கள். பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

வேலை முடிக்கும் காலத்தைப் போடும்போது காலண்டரும் பஞ்சாங்கமும் பக்கத்தில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடமும் காவடியும் போகும் தெருக்களில் யாரும் கடப்பாரை வைக்க முடியாது. 12 மாதம் என்று எழுதிவிட்டு 9 மாதம்தான் வேலை செய்ய முடியும் என்றால், அந்த மூன்று மாதத்தின் விலையையும் ஒப்பந்ததாரர் ரேட்டில் சேர்த்துத்தான் போடுவார்.

காகிதங்கள்

நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், மன்றத் தீர்மானம், நிதி எந்தத் தலைப்பில் என்ற விவரம். இந்த நான்கும் ஃபைலில் இருக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலையை வெட்ட வேண்டுமா, ரயில் பாதையைக் கடக்க வேண்டுமா, மின் இணைப்புக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பவற்றுக்கான கடிதங்களையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

இடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ‘ஊருணிக் கரையில் இடம் சும்மாதானே கிடக்கு, அங்கே தொட்டியைக் கட்டிரலாம்’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் வழக்கு வரும், வேலை நிற்கும். சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் அடுத்த அடி.

யார் போட்டியிடலாம்

தகுதி நிபந்தனையை ஒருவருக்கென்று தைத்த சட்டை மாதிரி எழுதக்கூடாது. 10 லட்சம் லிட்டர் தொட்டி கட்டப்போகிறோம் என்பதற்காக ‘10 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியை இதே மாவட்டத்தில் கட்டியிருக்க வேண்டும்’ என்று போட்டால் ஓரிருவர்தான் மிஞ்சுவார்கள். அதே சமயம் சாலை போட்டவரும் வடிகால் கட்டினவரும் வந்து நிற்கும்படி தளர்த்தவும் கூடாது. நீர் தாங்கும் கான்கிரீட் கட்டுமானம் தனி வித்தை. நம் தொட்டியில் ஒரு குறிப்பிட்ட பங்குக் கொள்ளளவாவது உள்ள தொட்டியைக் கட்டி, அது பயன்பாட்டில் இருப்பதாகச் சான்று கேட்பது நியாயமானது.

புதியவர்கள் தடுமாறும் இடம் டெண்டர் திறன் கணக்கு. கடந்த 5 வருடங்களில் ஏதாவது ஒரே வருடத்தில் அவர் செய்த அதிகபட்ச வேலை மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வேலைக்கு எத்தனை வருடமோ அதால் பெருக்குங்கள். ஆவணத்தில் சொல்லியிருக்கும் பெருக்கு எண்ணாலும் (பல ஆவணங்களில் 2) பெருக்குங்கள். அதிலிருந்து, அதே காலத்துக்குள் அவர் முடித்தாக வேண்டிய கைவசப் பணிகளின் மிச்ச மதிப்பைக் கழியுங்கள். ஒருவரின் அதிகபட்ச வருட வேலை 6 கோடி, நம் வேலை 18 மாதம் என்றால் 6 × 1.5 × 2 = 18 கோடி. கையில் 11 கோடி வேலை பாக்கி. மிஞ்சுவது 7 கோடி. நம் வேலை 8 கோடி என்றால் அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தகுதி இல்லை. கைவசப் பணிப் பட்டியலை அவர் சுருக்கித்தான் காட்டுவார். மற்ற உள்ளாட்சிகள் அவருக்குக் கொடுத்த பணி ஆணைகளை நீங்களாகத் தேடிப் பாருங்கள்.

தரத்தை இங்கேயே கட்டிப்போடுங்கள். நீர் தாங்கும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 3370, டி.ஐ. (டக்டைல் இரும்பு) குழாய்க்கு ஐ.எஸ். 8329, ஹெச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய்க்கு ஐ.எஸ். 4984 என்று எண்ணோடு எழுதுங்கள். ‘நல்ல தரமான குழாய்’ என்று எழுதினால் அவர் கொண்டு வருவதெல்லாம் நல்ல தரம்தான்.

கசிவுச் சோதனைக்குக் கட்டணத் தவணையில் தனி இடம் வேண்டும். மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, கான்கிரீட் நீரை உறிஞ்ச 7 நாள் விட்டு, அதற்கடுத்த 7 நாள் வெளிப்பக்கம் ஈரம் கசியாமல் காய்ந்து இருக்கிறதா என்று பார்ப்பது ஐ.எஸ். 3370 சொல்லும் முறை. இது தேறாமல் கடைசித் தவணை கிடையாது என்று எழுதியிருந்தால் ஒப்பந்ததாரரே உங்களுக்கு முன்னால் வந்து தொட்டியைத் தடவிப் பார்ப்பார்.

அறிவிப்பும் அவகாசமும்

2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். ‘அவசரம்’ என்ற ஒற்றைச் சொல் காரணம் ஆகாது.

ஆவணம் வெளியான பிறகு கேள்விகள் வரும். ஒருவருக்குப் போனில் பதில் சொல்லாதீர்கள். கேள்வியையும் பதிலையும் பெயரில்லாமல் எல்லாருக்குமாக இணையதளத்தில் போடுங்கள். நிபந்தனை மாறினால் திருத்த அறிவிப்பு கொடுங்கள். மாற்றம் விலையைத் தொடுமானால் நாளையும் நீட்டித்துவிடுங்கள்.

கடைசி நாள் மதியம் போன் அடிக்கும்.

“சார், சர்வர் சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு அரை மணி நேரம் தள்ளி வைக்க முடியாதா?”

“அண்ணே, அது என் கையில இல்ல. மூணு மணின்னா மூணு மணிதான். முந்தா நாளே ஏத்தியிருக்கலாம்ல?”

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. தமிழக அரசின் டெண்டர் தளத்தில் சர்வர் நேரம்தான் நேரம், மூடியது மூடியதுதான். இந்தக் கண்டிப்பு உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

தொழில்நுட்ப உறை

இரட்டை உறை முறையில் முதலில் தகுதி ஆவணங்கள் உள்ள தொழில்நுட்ப உறை மட்டும் திறக்கும். டிஜிட்டல் கையொப்பச் சாவி வைத்திருக்கும் அதிகாரிகளில் குறைந்தது இருவர் சேர்ந்தால்தான் திறக்க முடியும். சாவியின் காலாவதித் தேதியை முதல் வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். திறக்கும் நாளில் சாவி காலாவதியாகி நிற்பது சிரிப்புக்கிடமான காரணம், ஆனால் நடக்கும்.

பரிசீலிக்கும்போது ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு ஒப்பந்ததாரருக்கும் ஒரு கட்டம் என்று அட்டவணை போட்டு, எந்தப் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறது என்று பக்க எண்ணையும் குறியுங்கள். தேறாதவருக்கு எந்த நிபந்தனை எண்ணில் தேறவில்லை என்று எழுத வேண்டும். ‘திருப்திகரமாக இல்லை’ என்பது நீதிமன்றத்தில் நிற்காது.

சான்றிதழ்களைச் சரிபார்ப்பதில்தான் நேரம் போகும், போகட்டும். வேலை அனுபவச் சான்று கொடுத்த அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். சான்றிதழின் தலைப்பில் அச்சாகியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடி எடுத்த அலுவலக எண்ணுக்குப் பேசுங்கள். ஆடிட்டர் தந்த வரவுசெலவுச் சான்றில் யு.டி.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்கும். 2019 முதல் அது கட்டாயம், பட்டயக் கணக்காளர் கழகத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். வங்கி உத்தரவாதம் என்றால் அதைக் கொடுத்த கிளையிடமிருந்து நேராக உறுதி வாங்குங்கள். ஒப்பந்ததாரரே கையில் கொண்டு வந்து கொடுக்கும் உறுதிக் கடிதம் உறுதிக் கடிதமே இல்லை.

சின்னக் குறைக்கு விளக்கம் கேட்கலாம். கையெழுத்து மங்கல், ஒரு பக்கம் சரியாக ஸ்கேன் ஆகவில்லை என்றால் கேட்பதில் தவறில்லை. இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) கட்டவில்லை, அனுபவச் சான்றே இல்லை என்பவை விளக்கத்தில் சரியாகிற சமாச்சாரங்கள் அல்ல. ஒருவருக்கு விளக்கம் கேட்டால் அதே குறையுள்ள மற்றவருக்கும் கேட்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பரிசீலனை ரகசியம். டீக்கடையில் ‘யாருக்கு சார் தேறிச்சு?’ என்று கேட்பவருக்குச் சிரிப்பு ஒன்றுதான் பதில்.

விலை உறை

தேறியவர்களின் விலை உறை மட்டும் திறக்கும். எல்-1 யார் என்று தளமே வரிசைப்படுத்திக் காட்டும். அதைப் பிரிண்ட் எடுத்து அப்படியே ஒப்புதலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஐட்டம் ஐட்டமாக எஸ்டிமேட் ரேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ரொம்பக் குறைவாக இருந்தால் விலைப் பகுப்பாய்வு கேளுங்கள். ஒரு கன மீட்டர் எம்-30 தரக் கான்கிரீட்டுக்கு 7 முதல் 8 மூட்டை சிமெண்ட் போகும். அன்றைய சிமெண்ட் விலையில் அந்த மூட்டைகளின் காசே அவர் போட்ட ரேட்டில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டால், ஜல்லிக்கும் மணலுக்கும் சென்ட்ரிங்குக்கும் கூலிக்கும் பணம் எங்கிருந்து வரும்? மூட்டையைக் குறைப்பார், அல்லது பாதியில் விட்டுவிட்டுப் போவார். மிகக் குறைந்த விலைக்குக் கூடுதல் பிணைத்தொகை வாங்கும் நிபந்தனை ஆவணத்தில் இருந்தால் அதைக் கறாராக வாங்கிவிடுங்கள். தொடக்கத்தில் வரும் வேலைகளுக்கு ரேட்டைத் தூக்கிப் போட்டு, சோதனை ஓட்டத்துக்கும் குழாய் இணைப்புக்கும் ஒன்றுமில்லாத ரேட் போட்டிருந்தாலும் கவனியுங்கள். அஸ்திவாரம் முடிந்ததும் லாபத்தை எடுத்துக்கொண்டு, கடைசியில் அவர் போனை எடுக்க மாட்டார்.

விலை அதிகமாக இருந்தால் பேச்சுவார்த்தை உண்டு, ஆனால் எல்-1-இடம் மட்டும். எல்-2-வைக் கூப்பிட்டு ‘அவர் விலைக்கு நீங்கள் செய்வீர்களா’ என்று கேட்கக் கூடாது. பேச்சுவார்த்தை நடந்தால் அவர் குறைத்த விலையை அவர் கையெழுத்தோடு கடிதமாக வாங்குங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தொழிலாளர் நல நிதி 1 சதவீதமும் அந்த விலைக்குள்ளா வெளியிலா என்பது அதே கடிதத்தில் இருக்கட்டும். பிறகு பில் போடும்போது நடக்கும் சண்டை பெரும்பாலும் இதில்தான்.

அப்புறம் ரிங். ஒப்பந்ததாரர்கள் முன்கூட்டியே பேசிவைத்து, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பிரித்துக்கொள்வது. அடையாளம் இருக்கும். மூன்று பேரின் கடிதத்திலும் ஒரே எழுத்துப்பிழை. ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்ணில் எடுத்த வரைவோலைகள். எல்லா ஐட்டத்திலும் எல்-1-ஐ விடச் சரியாக 3 சதவீதம், 5 சதவீதம் என்று தூக்கிய விலை. தனித்தனியாகப் பார்த்தால் இவை எதுவும் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால் மறு டெண்டருக்குக் காரணம் ஆகும். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி இது தண்டனைக்குரியதும்கூட. நீங்கள் யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். பார்த்ததைக் குறிப்பாக எழுதி மேலே அனுப்புங்கள், முடிவை அங்கே எடுக்கட்டும்.

ஒரே ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால் வராதவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பதில் நம் நிபந்தனையிலோ, முந்தைய பில்களை நாம் இழுத்தடித்ததிலோ இருக்கும்.

ஆணைக்குப் பிறகு

ஏற்பு முடிவு டெண்டரின் செல்லுபடிக் காலத்துக்குள் வர வேண்டும். தாண்டப் போகிறது என்றால் நீட்டிப்புக்கு ஒப்பந்ததாரரின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அவர் இ.எம்.டி.யைப் பிடிக்க முடியாது. ஏற்பு முடிவில் மனக்குறை உள்ளவர் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு வந்தாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு வந்தாலும் உங்களைக் காப்பாற்றப்போவது பக்க எண் போட்ட அந்த அட்டவணைதான்.

ஒப்பந்தம் எழுதும்போது தளத்தில் இருக்கும் ரேட்டும் ஒப்பந்தத்தில் தட்டச்சான ரேட்டும் ஒன்றா என்று இரண்டு பேர் உட்கார்ந்து வாசித்துச் சரிபாருங்கள். எம்-புக்கில் (வேலை அளவுகளைப் பதியும் ஏடு) ஏறப்போவது இந்த ரேட்தான். இடத்தை ஒப்படைத்த தேதியைக் கையெழுத்தோடு பதிவு செய்யுங்கள், காலக்கெடு அங்கிருந்துதான் ஓடும். தோற்றவர்களின் இ.எம்.டி.யையும் அந்த வாரமே விடுவித்துவிடுங்கள். சின்ன ஒப்பந்ததாரருக்கு அது வட்டிக்கு எடுத்த பணமாக இருக்கும். மாதக்கணக்கில் முடங்கிப்போனால் அடுத்த டெண்டருக்கு அவர் வரமாட்டார். அப்போது மறுபடியும் ரிங் போடும் அந்த மூன்றே பேர்தான் வருவார்கள்.